நின்ற வண்டி பின்னோக்கி ஓடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் இயக்கச் சமன்பாடுகள் குறித்து வெளிவந்த மாதிரி வினா விடைகளுள் ஒன்று பிழையானது என்பதைத் தெரிவிக்கவும், அந்தப் பிழை எங்கிருந்து முளைத்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்லவும் இக்கடிதத்தை எழுதுகிறேன். வினா இதுதான்: வினாடிக்கு 20 மீட்டர் திசைவேகத்தில் நேர்ச்சாலையில் செல்லும் வண்டியில் ஓட்டுநர் பிரேக்கை அழுத்துகிறார், வண்டியின் வேகம் ஒவ்வொரு வினாடிக்கும் 5 மீட்டர் வீதம் குறைகிறது, பிரேக் அழுத்திய கணத்திலிருந்து 6 வினாடிகளில் வண்டி கடக்கும் தொலைவு என்ன? இதற்கு அச்சிடப்பட்ட விடை: 20 × 6 = 120; அதிலிருந்து ½ × 5 × 36 = 90 கழிய, 30 மீட்டர்.

பெருக்கியதிலும் கழித்ததிலும் குறையொன்றுமில்லை. ஆயினும் விடை தவறு. வினாடிக்கு 5 மீட்டர் வீதம் வேகத்தை இழக்கும் வண்டி, தன்னிடமிருந்த 20 மீட்டர் வேகத்தையும் நான்கே வினாடிகளில் இழந்து நின்றுவிடும். அதற்குள் அது சென்றிருக்கும் தொலைவு 40 மீட்டர். எஞ்சிய இரண்டு வினாடிகளில் அது அசையவே இல்லை. ஆகவே ஆறு வினாடிகளில் கடந்த தொலைவும் 40 மீட்டர்தான். அச்சிடப்பட்ட விடையோ, நின்றுவிட்ட வண்டியை அதே முடுக்கத்துடன், அதாவது திசைவேகம் மாறும் அதே வீதத்துடன், இரண்டு வினாடிகள் பின்னோக்கி ஓடவிட்டு, 10 மீட்டர் திரும்பி வரச் செய்து, 30 மீட்டரில் கொண்டுவந்து வைக்கிறது. எந்த பிரேக்கும் வண்டியைப் பின்னோக்கி இழுப்பதில்லை.

இதே எண்களை வழவழப்பான சாய்தளத்தில் மேல்நோக்கி உருட்டிவிட்ட பந்துக்குக் கொடுத்திருந்தால் நிலைமை வேறு. பந்து நான்காம் வினாடியின் முடிவில் கணப்பொழுது நின்று, அதே முடுக்கத்துடன் கீழே உருளத் தொடங்கும். ஆறாம் வினாடியின் முடிவில் அதன் இடப்பெயர்ச்சி, அதாவது தொடங்கிய இடத்திலிருந்து அது விலகியிருக்கும் அளவு, 30 மீட்டர், அது கடந்த மொத்தத் தொலைவு 50 மீட்டர். ஆக, எண்கள் மாறாமலே 40, 30, 50 என மூன்று விடைகள் வருகின்றன. எது சரி என்பதைச் சமன்பாடு சொல்லாது. முடுக்கம் எந்தக் கணத்திலிருந்து எந்தக் கணம் வரை மாறாமல் இருக்கிறது என்பதையும், கேட்கப்பட்டது தொலைவா இடப்பெயர்ச்சியா என்பதையும் முதலில் தீர்மானிப்பவருக்கே அது தெரியும்.

மாணவர்களுக்கு இப்பாடத்தில் நேரும் இடர்ப்பாடு, சமன்பாடுகள் மனத்தில் நில்லாமை அன்று என்பது என் கருத்து. சமன்பாடுகளை அவர்கள் நன்றாகவே ஒப்பிக்கிறார்கள். வினாவைப் படித்த உடனேயே சமன்பாட்டைத் தேடிப் போகும் வழக்கத்தைத்தான் பயிற்சி ஏடுகளும் தயாரிப்பு வகுப்புகளும், மன்னிக்கவும், தங்கள் மாணவர் பக்கமும் வளர்த்துவருகின்றன. அறியாததைக் காணும் வேலை அதற்கு முன்னரே, ஒரு வெற்றுத்தாளில், தொடங்கிவிட வேண்டும்.

மாறா முடுக்கத்துடன் நேர்கோட்டில் நகரும் பொருளைப் பற்றிப் பேசும்போது நம் முன் இருப்பவை ஐந்தே அளவுகள்: தொடக்கத் திசைவேகம், இறுதித் திசைவேகம், முடுக்கம், காலம், இடப்பெயர்ச்சி. இவ்வைந்தையும் பிணைக்கும் உறவுகளில் ஒன்றையொன்று சாராதவை இரண்டுதான். முதலாவது, முடுக்கத்தின் வரையறையிலிருந்தே வருவது: இறுதித் திசைவேகம் = தொடக்கத் திசைவேகம் + முடுக்கம் × காலம். இரண்டாவது, திசைவேகம் சீராக மாறுவதால் அதன் சராசரி, தொடக்க இறுதித் திசைவேகங்களின் கூடுதலில் பாதியாக அமையும் என்பது. அந்தச் சராசரியைக் காலத்தால் பெருக்கினால் இடப்பெயர்ச்சி கிடைக்கும். பாடநூல்களில் தனித்தனிக் கட்டங்களுக்குள் அச்சிடப்படும் மற்றச் சமன்பாடுகள் யாவும், இவ்விரண்டையும் சேர்த்து ஏதேனும் ஓர் அளவை நீக்குவதால் பிறப்பவையே. இரண்டு உறவுகள் இருப்பதால்தான் ஐந்தில் மூன்று தெரிந்தால் மற்ற இரண்டையும் காண முடிகிறது. இரண்டு மட்டும் தெரிந்தால் முடியாது. நான்கைக் கொடுத்துவிட்டால் அவை தமக்குள் முரண்படவும் கூடும். ஓய்விலிருந்து கிளம்பிய பொருள், வினாடிக்கு வினாடி 4 மீட்டர் முடுக்கத்துடன் 5 வினாடிகளில் 60 மீட்டர் சென்றது என்று வினாத்தாளில் எழுதிவிட எவராலும் முடியும். ஆனால் அப்பொருள் 50 மீட்டர்தான் சென்றிருக்கும்.

ஆகவே, ஐந்து அளவுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, தெரிந்தவற்றுக்கு எதிரே அலகுடன் மதிப்பையும், கேட்கப்பட்டதற்கு எதிரே வினாக்குறியையும் இட்டால், பொதுவாக ஒரே ஓர் இடம் வெறுமையாக எஞ்சும். கொடுக்கப்படாததும் கேட்கப்படாததுமான அந்த அளவு எந்தச் சமன்பாட்டில் இடம்பெறவில்லையோ அதுவே நமக்கு வேண்டிய சமன்பாடு. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வந்த வண்டி, பிரேக் அழுத்தியபின் 50 மீட்டர் சென்று நின்றது. முடுக்கம் என்ன என்று வினா வருவதாகக் கொள்வோம். மணிக்குக் கிலோமீட்டர் என்பதை வினாடிக்கு மீட்டர் என்று மாற்ற 5/18ஆல் பெருக்கினால் தொடக்கத் திசைவேகம் 20. நின்றது என்ற சொல்லிலிருந்து இறுதித் திசைவேகம் சுழி. இடப்பெயர்ச்சி 50. முடுக்கம் கேட்கப்பட்டது. காலத்தைப் பற்றி எவரும் பேசவில்லை. எனவே காலம் வராத சமன்பாடு: இறுதித் திசைவேகத்தின் இருமடி = தொடக்கத் திசைவேகத்தின் இருமடி + 2 × முடுக்கம் × இடப்பெயர்ச்சி. இதில் மதிப்புகளை இட்டால் முடுக்கம் −4 என்று வருகிறது. இச்சமன்பாட்டை ஒருமுறை உற்று நோக்கினால், முடுக்கம் மாறாதிருக்கையில் நிற்பதற்குத் தேவையான தொலைவு வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதும் புலப்படும்: வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தொலைவு நான்கு மடங்காகும். மாணவர் கணக்கேட்டிலேயே அடைந்துவிடும் இச்செய்தி, வண்டி ஓட்டும் ஒவ்வொருவருக்கும் வேண்டியது.

எண்ணாகக் கொடுக்கப்படாமல் சொல்லாகக் கொடுக்கப்படும் தகவல்களைப் பற்றியும் கூற வேண்டும். ஓய்விலிருந்து, விடப்பட்டது, நின்றது, உச்சியை அடைந்தது ஆகிய சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு சுழியை மறைத்து வைத்திருக்கின்றன. மூன்று மதிப்புகள் வேண்டிய இடத்தில் இரண்டு எண்களே கண்ணில் படுவதற்கு இதுவே காரணம். ஆனால் இச்சொற்களைத் தவறாகப் படிப்பதும் உண்டு. மேலெறியப்பட்ட கல் உச்சியில் இருக்கும்போது அதன் திசைவேகம்தான் சுழியே தவிர, முடுக்கம் சுழியன்று. முடுக்கமும் சுழியாகிவிட்டால் கல் அங்கேயே நின்றுவிட வேண்டியதுதான். அதேபோல், கல் தரையை அடையும்போது இறுதித் திசைவேகம் என்ன என்று கேட்டால், தரையில் விழுந்த கல் கிடக்கத்தானே செய்யும் என்று எண்ணிச் சுழி என்று எழுதிவிடுவோர் பலர். சமன்பாடு பொருந்துவது கல் தரையைத் தொடுவதற்கு முந்தைய கணம் வரைதான். தொட்ட பிறகு நடப்பது வேறு முடுக்கத்துக்கு உட்பட்ட, மிகக் குறுகிய, வேறோர் இயக்கம்.

குறிகள் பற்றிய குழப்பமே இப்பாடத்தில் மிகுதி. அதற்குப் பெரும்பாலும் மாணவர் காரணமல்லர். மேலே போகும்போது புவியீர்ப்பு முடுக்கம் எதிர்க்குறி, கீழே வரும்போது நேர்க்குறி என்று ஒரு வாய்பாட்டைக் கற்பிக்கிறார்கள். இது கல்லின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் இரு துண்டாக வெட்டினால் மட்டுமே செல்லும். வெட்டாமல் ஒரே சமன்பாட்டில் எழுத முனையும் மாணவரைக் கைவிட்டுவிடும். புவியீர்ப்பின் திசை எப்போதும் கீழ்நோக்கியே. மாறக்கூடியது, எத்திசையை நேர்த்திசையாகக் கொள்வது என்ற நம் முடிவு மட்டுமே. அதையும் ஒரு கணக்கின் நடுவில் மாற்றலாகாது.

25 மீட்டர் உயரமுள்ள கோபுரத்தின் உச்சியிலிருந்து வினாடிக்கு 20 மீட்டர் திசைவேகத்தில் ஒரு கல் நேர்மேலே எறியப்படுகிறது. அது தரையை அடைய எவ்வளவு காலமாகும்? புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்றே கொள்வோம். மேல்நோக்கிய திசை நேர்த்திசை என்று முடிவுசெய்து தாளில் எழுதியாயிற்று. தொடக்கத் திசைவேகம் +20, முடுக்கம் −10, தரை கீழே இருப்பதால் இடப்பெயர்ச்சி −25. கல் உச்சிக்குச் சென்று திரும்பிய கதை இந்த −25இல் வர வேண்டியதில்லை. இடப்பெயர்ச்சி தொடங்கிய இடத்தையும் முடிந்த இடத்தையும் மட்டுமே அறியும். இறுதித் திசைவேகம் வராத சமன்பாட்டில் (இடப்பெயர்ச்சி = தொடக்கத் திசைவேகம் × காலம் + ½ × முடுக்கம் × காலத்தின் இருமடி) இவற்றை இட்டுச் சுருக்கினால், காலத்தின் இருமடி − 4 × காலம் − 5 = 0 என்ற இருபடிச் சமன்பாடு வருகிறது. அதன் மூலங்கள் 5, −1.

இந்த இடத்தில் பெரும்பாலான விடைக்குறிப்புகள், காலம் எதிர்க்குறி பெறாது என்று ஒரே வரியில் எழுதி −1ஐ அடித்துவிடுகின்றன. அடிப்பது சரி, காரணம் சரியன்று. கல் எறியப்பட்ட கணத்தைச் சுழி என்று வைத்தவர்கள் நாம். அதற்கு ஒரு வினாடி முந்தைய கணத்துக்கு −1 என்று பெயரிடுவதில் பிழையில்லை. சமன்பாட்டுக்குக் கோபுரமும் தெரியாது, எறிந்த கையும் தெரியாது. வினாடிக்கு 20 மீட்டர் திசைவேகத்தில் அந்த உயரத்தைக் கடந்து மேலே சென்ற ஒரு கல், அதே முடுக்கத்துடன் முன்பும் இயங்கிக்கொண்டிருந்ததாகக் கொண்டால், எப்போதெல்லாம் தரைமட்டத்தில் இருந்திருக்கும் என்பதற்கு அது விடை சொல்கிறது: ஒரு வினாடிக்கு முன்பு, வினாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் தரையிலிருந்து கிளம்பியிருக்கும், ஐந்து வினாடிகளுக்குப் பின்பு அதே 30 மீட்டர் வேகத்தில் தரைக்கு வரும். நம் கல்லின் இயக்கம் சுழிக் கணத்தில்தான் தொடங்கியது என்பதால், அதற்கு முந்தைய −1 நமக்கு வேண்டாம். முன்னர் சொன்ன வண்டியைப் போலவே, இங்கும் விடையைத் தீர்மானிப்பது முடுக்கம் மாறாதிருந்த கால எல்லைதான்.

இருபடிச் சமன்பாட்டுக்கு அஞ்சுவோர் சுற்றுவழியில் போகலாம். கேட்கப்படாத இறுதித் திசைவேகத்தை முதலில் கண்டால், அதன் இருமடி 400 + 500 = 900; எனவே அது +30 அல்லது −30. தரையை அடையும் கல் கீழ்நோக்கிச் செல்வதால் −30. இனி, திசைவேகம் +20இலிருந்து −30 ஆக 50 மாற வேண்டும்; வினாடிக்கு 10 மாறுவதால் 5 வினாடிகள். இந்த வழியில் இருபடிச் சமன்பாடு மறைந்துவிட்டது போலத் தோன்றினாலும், இரு மூலங்களில் ஒன்றைத் தேரும் பொறுப்பு மறையவில்லை. அது ±30க்குள் ஒளிந்துகொண்டது. +30ஐத் தேர்ந்தால் காலம் −1 என்றே வரும். இரு வழிகளையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்த மாணவருக்கு அதன்பின் குறிகளைப் பற்றிய அச்சம் இராது.

இயக்கம் பல கட்டங்களாக நடந்தால் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியே ஐந்து அளவுகள் உண்டு. ஒரு கட்டத்தின் இறுதித் திசைவேகமே அடுத்த கட்டத்தின் தொடக்கத் திசைவேகம் என்பதை மறவாதிருந்தால் போதும். ஓய்விலிருந்து கிளம்பும் ரயில் 40 வினாடிகளில் வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தை அடைந்து, அவ்வேகத்திலேயே 100 வினாடிகள் ஓடி, பிறகு 20 வினாடிகளில் நிற்கிறது என்றால், தொலைவுகள் முறையே 400, 2000, 200. மொத்தம் 2600 மீட்டர். திசைவேக–கால வரைபடம் வரைந்தால் இது ஒரு சரிவகம், இணைப்பக்கங்கள் 160, 100, உயரம் 20, பரப்பு அதே 2600. மொத்தப் பயணத்தையும் ஒரே கட்டமாகக் கொண்டு, தொடக்கமும் முடிவும் சுழி, ஆகவே சராசரியும் சுழி, ரயில் நகரவே இல்லை என்று முடிக்கும் தாள்களும் இல்லாமலில்லை. சிரிப்புக்கிடமானதுதான், ஆனால் 30 மீட்டர் என்ற விடைக்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை.

வரைபடத்தைப் பற்றிய பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். சீராக மாறும் வேகத்துடன் செல்லும் பொருள் கடக்கும் தொலைவு, அதன் நடுக்கணத்து வேகத்தில் சீராகச் சென்றால் கடக்கும் தொலைவுக்குச் சமம் என்ற உண்மையை 14ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரி அறிஞர்கள் கண்டிருந்தனர். அதே நூற்றாண்டில் பிரான்சைச் சேர்ந்த நிக்கோல் ஒரேம் அதனைப் பரப்பளவுப் படமாக வரைந்து நிறுவினார். கலிலியோ, தடையின்றி விழும் பொருளின் வேகத்தை அளப்பது அரிது என்பதால் சாய்தளத்தில் வெண்கலக் குண்டை உருட்டி, ஒழுகி விழுந்த நீரை எடைபோட்டுக் காலத்தைக் கணித்து, தொலைவு காலத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதையும், அடுத்தடுத்த சமகால இடைவெளிகளில் கடக்கும் தொலைவுகள் 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படை எண்களாக வளர்வதையும் 1638இல் வெளிவந்த நூலில் எழுதினார். இவர்களில் எவரும், இன்று நாம் எழுதும் குறியீட்டுச் சமன்பாடுகளைக் கொண்டு இதைச் செய்யவில்லை. படமும் விகிதமும் அவர்களுக்குப் போதுமாயிருந்தன.

நடுக்கணத்து வேகம் என்ற இக்கருத்தைக் கைக்கொண்டவர், குறிப்பிட்ட ஒரு வினாடியில் கடந்த தொலைவுக்கென்று பாடநூல்கள் தரும் தனிச் சூத்திரத்தை மறந்துவிடலாம். அச்சூத்திரத்தில் ஒரு வினாடி என்ற காரணி எழுதப்படாமல் விடப்படுவதால், இடப்பக்கம் மீட்டரிலும் வலப்பக்கம் திசைவேகத்திலும் நிற்பது போல் தோன்றி, அலகுகளைச் சரிபார்க்கப் பழகிய நல்ல மாணவரையே அது குழப்புகிறது. ஓய்விலிருந்து வினாடிக்கு வினாடி 2 மீட்டர் முடுக்கத்துடன் கிளம்பிய பொருள் ஐந்தாம் வினாடியில் எவ்வளவு சென்றது? ஐந்தாம் வினாடி என்பது 4க்கும் 5க்கும் இடைப்பட்டது. அதன் நடுக்கணம் 4.5, அப்போதைய வேகம் 9, ஒரு வினாடிக்கு 9 மீட்டர். முடிந்தது.

ஐந்து அளவுகளை எழுதிப் பார்க்கும் முறையும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அங்கே இந்தக் கருத்து கைகொடுக்கிறது. மாறா முடுக்கத்துடன் செல்லும் பொருள் முதல் 3 வினாடிகளில் 21 மீட்டரும், அடுத்த 5 வினாடிகளில் 75 மீட்டரும் செல்கிறது. தொடக்கத் திசைவேகமும் முடுக்கமும் என்ன? எந்த ஒரு கட்டத்துக்கும் மூன்று மதிப்புகள் இல்லை, தெரிந்தவை இரண்டிரண்டுதான். இரு சமன்பாடுகளை அமைத்து ஒருங்கே தீர்ப்பது வழக்கமான வழி. ஆனால் முதல் கட்டத்தின் சராசரி 7, அது 1.5ஆம் வினாடியின் வேகம். இரண்டாம் கட்டத்தின் சராசரி 15, அது 5.5ஆம் வினாடியின் வேகம். இடைப்பட்ட 4 வினாடிகளில் வேகம் 8 கூடியிருக்கிறது. எனவே முடுக்கம் 2. 1.5ஆம் வினாடியில் 7 என்றால், தொடக்கத்தில் 7 − 3 = 4. இதனைச் செய்து முடித்த மாணவர், எட்டு வினாடிகளுக்கு 4 × 8 + ½ × 2 × 64 = 96 என்று கூட்டி, அது 21 + 75 என்பதுடன் ஒத்துப்போவதைத் தாமே சரிபார்த்துக்கொள்ளலாம்; விடைப்பக்கத்தைப் புரட்ட வேண்டியதில்லை.

முடுக்கம் மாறாது என்ற எடுகோளே எங்கெல்லாம் செல்லாது என்பதையும் எப்போதாவது ஒரு வினாவாகக் கேட்கலாம். 1000 மீட்டர் உயரத்திலிருந்து விழும் மழைத்துளி, காற்றுத் தடை இல்லையென்றால், தரைக்கு வரும்போது வினாடிக்கு ஏறத்தாழ 141 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகத்தில் இருக்க வேண்டும். பெரிய துளிகள்கூட வினாடிக்கு 9 மீட்டர் அளவிலேயே விழுகின்றன. கணக்கில் பிழையில்லை, கணக்கு அந்தத் துளியைப் பற்றியதன்று.

தங்கள் மாணவர் பக்கத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். ஒவ்வொரு விடையின் தலையிலும், எத்திசை நேர்த்திசையாகக் கொள்ளப்பட்டது, முடுக்கம் எக்கணத்திலிருந்து எக்கணம் வரை மாறாதது என்ற இரண்டையும் ஒரு வரியில் அச்சிடுங்கள். இருபடிச் சமன்பாட்டின் ஒரு மூலத்தைத் தள்ளும்போது, ஏன் தள்ளப்பட்டது என்பதைப் பொருளின் இயக்கத்தைக் கொண்டு எழுதச் சொல்லுங்கள். ஒரே கணக்கை இரு வழிகளில் தீர்த்துக் காட்டும் விடைகளுக்கும் அவ்வப்போது இடம் தாருங்கள். இவற்றுக்கெல்லாம் பக்கத்தில் இடம் போதாது என்றால், கணக்குகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துக்கொள்வதில் எந்த மாணவருக்கும் மறுப்பு இருக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்